இருமலைக் கேட்டது போதும், மூச்சை எண்ணுங்கள்

நம் வீடுகளில் ஒருவர் இரண்டு தரம் இருமினால் போதும், நான்கு வைத்தியர்கள் கிளம்பிவிடுவார்கள். பாட்டி சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைப்பார். அம்மா விக்ஸ் டப்பாவைத் தேடுவார். பக்கத்து வீட்டு மாமி, "ஆரஞ்சுப் பழம் கொடுத்திருப்பீங்க, அதான்" என்று காரணம் கண்டுபிடிப்பார். (நாக்பூரில் குடியிருந்துகொண்டு ஆரஞ்சுக்குப் பயப்படுகிறவர்கள் நாம்தான்!) அப்பா ஆபீஸிலிருந்து வரும் வழியில் மருந்துக் கடையில் ஸ்கூட்டரை நிறுத்தி, "பிச்லி பார்வாலி கோலி" என்று கேட்டு மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாங்கி வருவார்.

இத்தனை பேரும் கவனிப்பது இருமலை. நோயாளி எப்படி மூச்சு விடுகிறார் என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறவர் அநேகமாக யாரும் இல்லை. நிமோனியாவை நாம் தாமதமாகக் கண்டுபிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து சக்கரங்களைப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். தட்டையாகிப்போன சக்கரம் 'டக் டக்' என்று சத்தம் போடும். பயணிகள்கூடக் கேட்டுவிட்டுப் புகார் செய்வார்கள். ஆனால் ஆக்சில் பாக்ஸ் சூடேறுவது பெரும்பாலும் தொட்டோ அளந்தோ பார்த்தால்தான் தெரியும். கவனிக்காமல் விட்டால் வண்டியையே கவிழ்த்துவிடும். இருமலும் மூச்சும் அப்படித்தான். ஒன்று சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிடும். மற்றொன்றை நாம்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

விஷயம் சுலபமானது. நுரையீரலுக்குள்ளே கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ரத்தத்தில் சேருவது அங்கேதான். கிருமி அதுவரை இறங்கிவிட்டால் அந்தப் பைகளில் நீரும் சீழும் கோத்துக்கொள்கின்றன. அதற்குப் பெயர்தான் நிமோனியா. மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும் ஜலதோஷம் வேறு, மூச்சுக்குழாயில் வரும் பிராங்கைட்டிஸ் வேறு. பைகள் அடைபட்டால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட உடம்பு மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஆகவே, எண்ணிக்கை கூடியிருந்தால் உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

எண்ணுவதற்கு என்ன படிப்பு வேண்டும்? ஒன்றும் வேண்டாம் என்று நம் விதர்பாவிலேயே நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள். கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் 'சர்ச்' என்ற அமைப்பை நடத்தி வருகிறார்கள். 1980களின் கடைசியில் அங்கே ஆதிவாசிக் குழந்தைகள் நிமோனியாவில் அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள். கிராமத்தில் எக்ஸ்ரேயும் இல்லை, டாக்டரும் இல்லை. இருந்தவர்கள் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள், அவர்களில் பலருக்கு எழுத்தும் எண்ணும் தெரியாது. அவர்களுக்காக ஒரு கருவி செய்தார்கள்: ஒரு நிமிஷத்தில் மணல் இறங்கித் தீரும் கண்ணாடிக் குடுவை, பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் தீருவதற்குள் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா என்று வைத்துக்கொண்டு மருந்து கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். 1990ல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் முடிவு வெளியானது. இந்த முறையில் கவனிக்கப்பட்ட நிமோனியாக் குழந்தைகளில் இறந்தவர்கள் 100க்கு 0.8. கவனிப்பு இல்லாத பக்கத்துப் பகுதியில் 100க்கு 13.5.

எத்தனை பட்டதாரிகள் நம் சங்கத்தில்! கையில் கடிகாரம் இல்லாதவர் யார்? அந்த மருத்துவச்சிகள் செய்ததை நாம் செய்யக்கூடாதா?

கணக்கு இதோ. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக 60 வினாடி எண்ணவேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குகிற சாமர்த்தியம் இங்கே வேண்டாம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கிக் குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் எண்ணிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

பெரியவர்களுக்குச் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். அதைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டவேண்டும். 30ஐத் தொட்டால் அது அவசரம். "உங்கள் மூச்சை எண்ணுகிறேன்" என்று சொல்லாமல் எண்ணுங்கள். சொன்னால் மூச்சு மாறிவிடும்.

கொரோனா சமயத்தில், 2021 ஏப்ரலில், நாம் எல்லோரும் அலைந்து திரிந்து ஆக்ஸிமீட்டர் வாங்கினோம். இப்போது அது எந்த டிராயரில் இருக்கிறது? பேட்டரி கசிந்திருக்கிறதா, பாருங்கள். அந்தக் கருவியின் தத்துவத்தை 1974ல் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த டக்குவோ அயோயாகி. அவரும் ஒரு என்ஜினியர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கையைச் சூடாக்கிக்கொண்டு, நகப்பூச்சைத் துடைத்துவிட்டு, எண் நிலையாக நிற்கும்வரை காத்திருந்து பாருங்கள். 94க்குக் கீழே போனால் அன்றைக்கே டாக்டர். 90க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஏற்கெனவே நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அவர்களுடைய டாக்டர் சொல்லும் அளவே அளவு. கருவி நல்ல எண் காட்டுகிறது, ஆனால் ஆள் மூச்சுத் திணறுகிறார் என்றால் ஆளை நம்புங்கள், கருவியை அல்ல.

இனி அந்த மருந்துக்கடை மாத்திரைக்கு வருவோம். நிமோனியாவை உண்டாக்குவது ஒரே கிருமி அல்ல. நியுமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உண்டு. இன்ஃப்ளுயன்ஸா, ஆர்.எஸ்.வி., கொரோனா போன்ற வைரஸ்கள் உண்டு. பூஞ்சையும் உண்டு. பக்கவாதம் வந்த முதியவர்களுக்கு உணவு புரையேறி நுரையீரலுக்குள் போவதாலும் வரும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. பாக்டீரியா என்றாலும் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருந்துக்கடைக்காரர் முடிவு செய்ய முடியாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, வேண்டுமானால் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சளிப் பரிசோதனையும் பார்த்துத் தீர்மானிக்கவேண்டியது அது.

நம் நாட்டில் 2014 மார்ச்சிலிருந்து 'ஹெச்-1' என்ற சட்டப் பட்டியல் அமலில் இருக்கிறது. அதிலுள்ள மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. என் தெருமுனைக் கடையில் ரிஜிஸ்டரை நான் பார்த்ததில்லை, "கித்னே தின் கா?" என்ற கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. லீவோஃப்ளாக்ஸசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். காசநோயை நிமோனியா என்று எண்ணி அதை விழுங்கினால் சில நாள் குணமானது போலத் தெரியும், உண்மையான நோய் மறைந்து வளரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைக் காசநோய்க்குப் பரிசோதிக்கவேண்டும். அரசு மையங்களில் அது இலவசம்.

கஷாயத்துக்கு நான் எதிரி அல்ல. தொண்டைக்கு இதம், மனசுக்கும் இதம். ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு விக்ஸ் கூடாது, சின்னக் குழந்தைகளைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் குனியவைக்கக் கூடாது. கஷாயம் கொடுத்தாயிற்று என்பதற்காக மூச்சை எண்ணாமலும் இருக்கக் கூடாது.

முதியவர்கள் விஷயம் தனி. வயதானவருக்கு நிமோனியா வந்தால் சுரம் இல்லாமலும் இருக்கும், இருமல் இல்லாமலும் இருக்கும். திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பார், இடம் தெரியாமல் பேசுவார், பாத்ரூமில் தடுமாறி விழுவார். நம் ஊரில் 'ஜன்னி கண்டுவிட்டது' என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளிலும் மனக் குழப்பத்தை நிமோனியாவின் கடுமைக்கு ஓர் அடையாளமாகவே கணக்கிடுகிறார்கள். அதை 'வயசாச்சு' என்று ஒதுக்கிவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய அநியாயம்.

வெளியூரில் வாழும் நமக்கு இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. அது பாஷை. ஊரில் தனியாக இருக்கவேண்டாம் என்று அம்மாவையோ மாமியாரையோ இங்கே அழைத்து வந்துவிடுகிறோம். அவர்களுக்கு ஹிந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். பாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போனது இங்கேயே பிறந்து வளர்ந்த பேரன். "ரெண்டு நாளா இளைப்பா இருக்குன்னு சொல்லுடா" என்றார் பாட்டி. பையனுக்குத் தெரிந்த 'இளைப்பது' உடம்பு மெலிவதுதான். "தாதீ துப்லி ஹோ கயீ ஹை" என்று மொழிபெயர்த்தான். டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துப் பாட்டி ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கிடந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் எட்டு நாள் ஆஸ்பத்திரி வாசம். பையனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவனுக்கு அந்தச் சொல்லை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

சங்கம் செய்யக்கூடிய காரியங்கள் என்று எனக்குத் தோன்றுவன மூன்று.

முதலாவது, நம் உறுப்பினர் டைரியின் பின்னட்டையில் விளம்பரத்துக்குப் பதிலாக ஒரு சிறு அகராதி. இளைப்பு, மூச்சு வாங்குகிறது என்றால் ஹிந்தியில் 'ஸான்ஸ் பூல் ரஹீ ஹை', மராட்டியில் 'தாப் லாகதே'. நெஞ்சு வலிக்கு 'ஸீனே மே தர்த்', 'சாதீத் துக்தே'. சளிக்கு 'பல்கம்', 'கஃப்'. பத்துச் சொற்கள் போதும். தமிழ் எழுத்தில் இருந்தால் பாட்டியே படித்துச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, தடுப்பூசி. குழந்தைகளுக்குக் குறையில்லை. 'ஹிப்' கிருமிக்கு எதிரான ஊசி அடங்கிய பென்டாவேலன்ட்டை அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும்தான். நியுமோகாக்கஸ் ஊசி 2017ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை, இலவசம். பெரியவர்களைத்தான் நாம் மறந்துவிட்டோம். அறுபத்தைந்து தாண்டியவர்களும், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் வருஷத்துக்கு ஒரு தரம் ஃப்ளூ ஊசியும், டாக்டர் சொல்லும் நியுமோகாக்கஸ் ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது. இவை நாமே காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளவேண்டியவை. சில ஆயிரம் ஆகும். பேத்தியின் பிறந்த நாளுக்கு ஹால் பிடிக்கிற குடும்பங்களுக்கு இது பெரிய தொகை அல்ல. முடியாதவர்களுக்குச் சங்கம் கைகொடுக்கலாம்.

மூன்றாவது, பிள்ளைகள் புனேயிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் தம்பதிகளின் பட்டியல் ஒன்று. குளிர்காலத்தில் வாரம் ஒரு தரம் யாராவது போய்க் கதவைத் தட்டி, காபி சாப்பிட்டுவிட்டு, பேச்சோடு பேச்சாக மூச்சையும் எண்ணிவிட்டு வரலாம். போனில் விசாரித்தால் எல்லோரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள்.

செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மூத்தோர் தடுப்பூசி முகாமுக்கு ஒதுக்குங்கள். நம் உறுப்பினர்களிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். நாற்காலி போடவும், மாடி இறங்க முடியாத பெரியவர்களை ஆட்டோவில் அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடவும் நான் தயார். என்னோடு சேர விரும்பும் இளைஞர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.