எஞ்சினை மாத்திட்டீங்க சரி... போடிமெட்டு ஏறுமா உங்க ரேடியேட்டர்?

இன்ஸ்டாவைத் திறந்தாலே எஞ்சின் ஸ்வாப் ரீல்ஸ்தான். பழைய ஜிப்ஸியில் பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சின், மாருதி 800-ல் எஸ்டீம் எஞ்சின், கான்டெஸாவுக்குள் ஏதோ ஒரு டர்போ டீசல். சங்கிலியில் தொங்குற எஞ்சின் மெதுவா பானெட்டுக்குள் இறங்கும், பின்னணியில் பி.ஜி.எம் அதிரும், கமென்ட்ல ஃபயர் எமோஜி குவியும். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிச்சிருக்கீங்களா? எந்த ரீல்ஸிலும் ரேடியேட்டர் ஹீரோவா வராது. பட்ஜெட்லயும் அதுக்குக் கடைசி இடம்தான். எஞ்சின், கியர்பாக்ஸ், சைலன்ஸர், வீல் எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருக்குற காசுல, மிச்சம் இருக்குற இடத்துல, 'ஏதோ ஒண்ணை' மாட்டிடுறாங்க.

அந்த 'ஏதோ ஒண்ணு' எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுக்கணும்னா, தேனி மாவட்டத்துக்கு ஒரு ட்ரிப் போடுங்க. போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தலில் ஆரம்பிக்குது மலை. கொச்சி - தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85 அங்கே இருந்து சுமார் 20 கிலோமீட்டருக்கு ஏறிக்கிட்டே போகும். 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறினா போடிமெட்டு, அதுக்கு அந்தப் பக்கம் கேரளாவின் ஏலக்காய்த் தோட்டங்கள். மூணாறு ட்ரிப்புக்கு வர்ற மாடிஃபைடு கார்கள் வளைவு ஓரத்துல பானெட்டைத் திறந்து வச்சு ஆவி விட்டுக்கிட்டு நிக்கிறது இந்த மாதிரி ஏத்தத்துலதான்.

இதே ரோட்டை தினமும் ஏறுற வண்டிகளும் உண்டு. போடி - தேவாரம் சாலையில் இருக்கும் ராசிங்காபுரம் மாதிரி ஊர்களில் இருந்து, ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்களை ஏத்திக்கிட்டு விடியறதுக்குள்ள கிளம்புற ஜீப்புகள். அதில் போறவங்கள்ல பெரும்பாலும் பெண்கள். அந்த வண்டி வழியில் கொதிச்சு நின்னா, அன்னிக்கு அரைநாள் கூலி போச்சு. ஜீப்புக்கும் எஞ்சின் மாத்துறது புதுசு கிடையாது. வில்லிஸ் காலத்து பெட்ரோல் எஞ்சினைக் கழட்டிட்டு டீசல் எஞ்சின் போடுறது ரீல்ஸ் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே நடந்த கதை. ஆக, மலை ஏறுற வண்டிக்கு ரேடியேட்டர் எப்படித் தேர்ந்தெடுக்கிறதுங்கிறது ஷோ காருக்கும் கூலி ஜீப்புக்கும் பொதுவான கேள்வி.

மலைக்குத் தேவை எத்தனை குதிரை?

ஒரு சின்ன கணக்கு. உங்க கார், ரெண்டு பேர், பேக் எல்லாம் சேர்த்து 1,300 கிலோன்னு வச்சுக்கோங்க. அதை 1,000 மீட்டர் தூக்குறதுக்குத் தேவையான சக்தி சுமார் மூன்றரை யூனிட் கரன்ட். 20 கிலோமீட்டரை 40 நிமிஷத்துல ஏறினா, டயர் உராய்வு, கியர்பாக்ஸ் இழப்பு எல்லாம் சேர்த்தும் எஞ்சின் கொடுக்கிறது சராசரியா 10 முதல் 15 குதிரைத்திறன்தான். உங்ககிட்ட 150 குதிரை இருந்தாலும் மலை கேட்கிறது அவ்வளவுதான்.

பெட்ரோல் எரியும்போது வர்ற சக்தியில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு வண்டியை ஓட்டும், ஒரு பங்கு சைலன்ஸர் வழியா போகும், இன்னொரு பங்கு கூலன்ட்டில் இறங்கும். அப்படின்னா இந்த ஏத்தத்துல ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 10 கிலோவாட். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் பத்தை ஒரே நேரத்துல ஆன் பண்ணி 40 நிமிஷம் வச்ச மாதிரி. ஆள் ஏத்தின ஜீப்புன்னா எடை கூட, வெப்பமும் அதுக்கேத்த மாதிரி கூடும்.

கார் ரேடியேட்டருக்கு 10 கிலோவாட் பெரிய வேலையே இல்லை. அப்புறம் ஏன் கொதிக்குது? காத்து இல்லாததால. ஓடுற வேகத்துல ரேடியேட்டர் மேல மோதுற காத்தோட அழுத்தம், வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 100 கிலோமீட்டர் வேகத்துல கிடைக்கிற அழுத்தத்துல 16-ல் ஒரு பங்குதான் 25 கிலோமீட்டர் வேகத்துல கிடைக்கும். கொண்டை ஊசி வளைவுல உங்க வேகம் அதுக்கும் கீழே. முன்னாடி ஒரு லாரி மூச்சு வாங்கிக்கிட்டு ஏறுதுன்னா கேட்கவே வேணாம். பைபாஸ்ல 120-ல் பறந்தப்போ நடுவுலயே நின்ன டெம்பரேச்சர் முள், முந்தலைத் தாண்டினதும் எகிறுற ரகசியம் இதுதான்.

ரேஸ் டிராக்ல நிலைமை நேர் எதிர். கோவையைச் சேர்ந்த கரிவர்தன் 1980-களின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கினார். நம்ம ஊர் ரேஸ் பசங்க தலைமுறைக்கு அதுதான் பள்ளிக்கூடம். அந்த மாதிரி எடை குறைஞ்ச கார், டிராக்ல வேகமா ஓடிக்கிட்டே இருக்கும், காத்துக்குப் பஞ்சமே வராது. அதனால 'ரேஸ் கார்ல இந்த ரேடியேட்டர்தான் போடுறாங்க'ங்கிற யூடியூப் அட்வைஸ் உங்க மலை ட்ரிப்புக்குப் பொருந்தாது.

'பெருசா போட்ருவோம் தம்பி'

கொதிக்குதுன்னு போனா முதல்ல கிடைக்கிற பதில் இதுதான். பெருசுன்னா எந்தப் பக்கம் பெருசுன்னு கேளுங்க. அகலமும் உயரமும் கூடினா நல்லது. காத்து படுற பரப்பு அதிகமாகும். தடிமன் மட்டும் கூடினா சிக்கல். நாலு வரிசைக் குழாய், நெருக்கமான தகடுகள்னு தடியா இருக்குற ரேடியேட்டருக்குள் காத்தை இழுக்க ஃபேன் திணறும். முன்வரிசைகள்லயே சூடாகிட்ட காத்து, பின்வரிசைக்கு வந்து என்ன குளிர வைக்கப் போகுது? மெதுவா ஏறுற வண்டிக்கு, பானெட்டுக்குள் அடங்குற அளவுல அகலமான, மிதமான தடிமன் உள்ள ரேடியேட்டர்தான் சரி.

அடுத்தது ஃபேன். ஸ்வாப் பண்ணின கார்கள்ல அதிகம் காணாமப்போற பொருள், ஃபேனைச் சுத்தி வர்ற பிளாஸ்டிக் கூடு. மெக்கானிக்குகள் ஷ்ரவுட்னு சொல்வாங்க. புது எஞ்சின் நீளமா இருக்கும், இடம் பத்தாது, அதனால கூட்டைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் ஃபேனை ரேடியேட்டர்ல கட்டிடுவாங்க. அப்ப ஃபேன் வட்டத்துக்கு நேரா இருக்குற பகுதியில மட்டும்தான் காத்து போகும், நாலு மூலையும் சும்மா கிடக்கும். கூடு இருந்தா மொத்தப் பரப்பும் வேலை செய்யும். ரேடியேட்டர் ஓரங்கள்ல இடைவெளி இருந்தா ஃபோம் வச்சு அடைங்க. காத்து எப்பவும் சுலபமான வழியைத்தான் தேடும், சந்து கிடைச்சா ரேடியேட்டரைச் சுத்திக்கிட்டுப் போயிடும். உள்ளே போன சூடான காத்து வெளியே போகவும் வழி வேணும். பெரிய எஞ்சினை அடைச்சு வச்ச பானெட்டுக்குள் அது நடக்கிறதில்லை.

முன்பக்கம் ஏ.சி கண்டென்சர், டர்போ எஞ்சின்னா இன்டர்கூலர்னு அடுக்கி வச்சிருப்பீங்க. அவ்வளவையும் தாண்டித்தான் காத்து ரேடியேட்டருக்கு வருது. அதையும் கணக்குல சேர்த்துதான் ஃபேன் வாங்கணும்.

முள் பொய் சொல்லலாம்

புது எஞ்சின்ல இருக்குற டெம்பரேச்சர் சென்சார் வேற கம்பெனி, டேஷ்போர்டுல இருக்குற மீட்டர் வேற கம்பெனி. ரெண்டும் ஜோடி சேரலைன்னா, எஞ்சின் கொதிக்கும்போதும் முள் பாதியில நிம்மதியா நிக்கும். சென்சாரும் மீட்டரும் ஒரே செட்டா இருக்கணும். தனியா ஒரு மீட்டர் வைக்கிறது ரொம்ப நல்லது.

ஃபேனுக்குத் தனி சுவிட்ச் வச்சு, 'மலை ஏறும்போது போட்டுக்கோங்க'ன்னு சொல்றவங்க உண்டு. பாட்டு, அரட்டை, கூகுள் மேப்ஸ் நடுவுல அது மறந்தே போகும். சூடு ஏறினா தானா ஓடுற தெர்மோ சுவிட்ச், அதோட ரிலே, ஃபியூஸ் இருக்கணும். கைச் சுவிட்ச் கூடுதல் பாதுகாப்புக்கு மட்டும்.

இன்னொரு பழைய வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியறது. பல எஞ்சின்கள்ல தெர்மோஸ்டாட் முழுசா திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியை அதுவே மூடும். அதைக் கழட்டினா ஒரு பகுதி கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்திக்கிட்டு இருக்கும். இறக்கத்துல எஞ்சின் தேவைக்கு மேல குளிர்ந்து பெட்ரோலும் கூடக் குடிக்கும். கொதிக்கிறதுக்குக் காரணம் தெர்மோஸ்டாட் கெட்டுப்போனதுன்னா, அதே அளவுல புதுசு மாத்துங்க.

மூடிக்கும் மரியாதை உண்டு. மூடி தர்ற அழுத்தம் ஒவ்வொரு பி.எஸ்.ஐ கூடும்போதும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும். போடிமெட்டு உயரத்துல திறந்த பாத்திரத்துல தண்ணி சுமார் 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். நல்ல மூடியும், கூலன்ட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலவையும் இருந்தா 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் நஞ்சுபோன மூடி இருந்தா மேல சொன்ன செலவெல்லாம் வீண். போர்வெல் தண்ணியை ஊத்தினா உப்பு படிஞ்சு குழாய் அடைக்கும், அலுமினியம் அரிச்சுப் போகும். கூலன்ட்டை எஞ்சின் கம்பெனி சொன்ன அளவுல, சுத்திகரிச்ச தண்ணியோட கலந்து ஊத்துங்க.

செம்பு-பித்தளையா, அலுமினியமா? அலுமினியம் எடை குறைவு, நல்லாவும் குளிர வைக்கும். செம்பு-பித்தளையில ஓட்டை விழுந்தா சின்ன ஊர் பட்டறையிலயே ஈயம் வச்சு அடைச்சுத் தருவாங்க. பிளாஸ்டிக் தொட்டி வச்ச அலுமினியம் விரிசல் விட்டா பெரும்பாலும் மாத்தத்தான் வேணும். தினமும் மலை ஏறுற ஜீப் ஓனருக்கு இது பெரிய வித்தியாசம். வாரக்கடைசி காருக்கு அவ்வளவு இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

நீங்க பார்க்கிற ரீல்ஸில் பெரும்பாலும் வராத பகுதி இது. ஆர்.சி-யில் உங்க எஞ்சின் நம்பர், சி.சி, எரிபொருள் எல்லாம் பதிவாகியிருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்கள்ல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளாவில் இருந்து வந்த வழக்கில் இதை உறுதிப்படுத்திச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும்னு வண்டி உரிமையாளர் மேலயே பொறுப்பை வச்சிருக்கு.

பழுதான எஞ்சினுக்குப் பதிலா அதே ரக எஞ்சினை ஆர்.டி.ஓ அனுமதியோட மாத்துறது ஒரு கதை. 1.3 இருந்த இடத்துல 1.6-ஐ வச்சுட்டு கம்முனு ஓட்டுறது வேற கதை. விபத்துன்னு ஒண்ணு நடந்தா இன்சூரன்ஸ் கிளெய்ம்ல முதல் கேள்வி அங்கேதான் வரும். வேகம்தான் ஆசைன்னா, ரேஸ் டிராக்குக்குன்னே கட்டின கார்ல அந்த ஆசையைத் தீர்த்துக்கலாம்.

இந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கறாரா இருக்குன்னு ரேடியேட்டரே புரிய வைக்கும். கான்டெஸா 1984-ல் வந்தப்போ அதுல இருந்தது அம்பாசடர் குடும்பத்து 1.5 லிட்டர் எஞ்சின். பிறகு கம்பெனியே இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்துச்சு. ஒரு கம்பெனி எஞ்சினை மாத்தினா ரேடியேட்டர், ஃபேன், ஹோஸ், பிரேக் எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி சோதிச்சுத்தான் ஷோரூமுக்கு அனுப்பும். பட்டறையில் மாத்தும்போது அந்தச் சோதனையை யார் செய்றாங்க? உங்களுக்குத் தெரியாமலே, போடிமெட்டு வளைவுல, நீங்களும் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களும்தான்.

வழியில் கொதிச்சுட்டா

முள் ஏற ஆரம்பிச்சதும் ஏ.சி-யை ஆஃப் பண்ணுங்க. ஹீட்டரை ஃபுல்லா வைங்க. வேர்த்துக் கொட்டும், ஆனா ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். வளைவுல நிக்காம, பின்னாடி வர்ற வண்டிக்குத் தெரியற மாதிரி அகலமான இடத்துல ஓரங்கட்டுங்க. கூலன்ட் ஒழுகலைன்னா, ஃபேன் ஓடுதுன்னா, கொஞ்ச நேரம் ஐடிலிங்ல விடுங்க. ஆவி அடிச்சுக்கிட்டு இருந்தா உடனே எஞ்சினை நிறுத்துங்க. மூடியில மட்டும் கை வைக்காதீங்க. அழுத்தம் விடுபட்ட நொடியில 100 டிகிரிக்கு மேல இருக்குற தண்ணி முகத்துல பீய்ச்சும். குறைஞ்சது அரை மணி நேரமாவது ஆறணும். சூடான எஞ்சின்ல பச்சைத் தண்ணியை மடமடன்னு ஊத்தினா சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

அடுத்த முறை ஸ்வாப் பட்ஜெட் போடும்போது வரிசையைத் தலைகீழா எழுதிப் பாருங்க. முதல் வரியில ஆர்.டி.ஓ அனுமதி, ரெண்டாவதுல ரேடியேட்டர், கூடோட ஃபேன், சரியான மீட்டர், அப்புறம் பிரேக். அதுக்கு மேல மிச்சம் இருக்குற காசுல எஞ்சின். காசு பத்தலைன்னா, பழைய எஞ்சினையே நல்லா சர்வீஸ் பண்ணிட்டு மலை ஏறுங்க. மலை கேட்கிறது பதினைஞ்சு குதிரைதானே!