புரட்டாசியில் அடைக்க வேண்டிய பொந்து



போன வாரம் கொற்கைக்குப் போயிருந்தேன். பெரியம்மை புறவாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு சிரட்டையில் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தாள். உடைந்த பாட்டில் ஒன்றை அம்மிக்கல்லில் நொறுக்கி அதில் கலந்தாள். அங்கணக்குழியை ஒட்டி ஒரு பொந்து. அதில் சுண்டுவிரலை விட்டுக் காட்டி, “ஏய்யா, இவ்வளவு போதும்லா சுண்டெலிக்கு. தலை நுழைஞ்சா ஒடம்பும் நுழைஞ்சிரும்” என்றாள்.

“மழைக்கு இன்னும் நாள் கெடக்கே பெரியம்மை.”

“மழை வந்த பெறவு அடைச்சா, உள்ள இருக்கிறதோட சேத்துல்லா அடைப்பே!”

அவளுக்கு அனுபவம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரல் ஊரே தண்ணீருக்குள் கிடந்தது. வெள்ளம் வடிந்து வீட்டைத் திறந்தபோது அடுக்குப் பானைக்குப் பின்னால் ஒரு சாரை, மடித்த சாக்குக்குள் ரெண்டு நட்டுவாக்காலி, மச்சில் எலிக் குடும்பம். பாம்பும் எலியும் மூன்று நாள் சண்டையில்லாமல் இருந்தன என்று பெரியம்மை சொல்வாள். நான் நம்பவில்லை, மறுத்துப் பேசவும் இல்லை.

குளிர்நாட்டுப் பூச்சிகளின் கதை வேறு. பனிக்காலம் வந்தால் வளர்ச்சியை நிறுத்திவிட்டுக் கிடக்கும். சில பூச்சிகள் உடம்பில் கிளிசரின் சேர்த்துக்கொண்டு உறையாமல் தப்பிக்கும். நமக்கோ மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கரப்பானுக்கு அதெல்லாம் குளிரே இல்லை. அது பாட்டுக்கு முட்டைக்கூட்டைச் சுமந்து திரியும். இங்கே எல்லாவற்றையும் வீட்டுக்குள் துரத்துவது தண்ணீர்தான். மண்ணில் காற்றிருந்த இடத்தில் நீர் நிறைந்தால் மரவட்டை மூச்சுக்குத் தவித்துச் சுவரேறுகிறது. வரப்புப் பொந்து முழுகினால் எலி மேட்டைத் தேடுகிறது. மேடென்றால் நம் வீட்டுத் தளம். சாக்கடை நிறைந்தால் பெரிய கரப்பான் அங்கணக்குழி வழியாக மேலே வருகிறது.

சின்னக் கரப்பான் ஒன்று உண்டு, கழுத்தில் ரெண்டு கறுப்புக் கோட்டோடு. 1767இல் லின்னேயஸ் பெயர் வைத்ததிலிருந்து அது ஜெர்மன் கரப்பான். ஆனால் அது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ மனிதரை ஒட்டி வாழப் பழகிய இனம் என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. கொற்கை முத்துத் துறைமுகமாக இருந்த காலம் அது. கொற்கை அடுக்களைதான் அதன் பிறந்த வீடு என்று நான் உரிமை கோரமாட்டேன். கடல் ஆறேழு கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது, கரப்பான் போகவில்லை.

எனக்கு ஒரு மனக்குறை. நாம் வீட்டைப் பார்ப்பதெல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது. அதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழையில் வரவேண்டியதெல்லாம் வந்து குடியேறியிருக்கும். எலி சினையானால் மூன்றே வாரத்தில் குட்டி போடும். தைக்குள் எத்தனை ஈற்று என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடித் தூள் கலக்கக் கைக்குப் பயமென்றால், பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசலாம். எலிப்பல் அதில் தோற்கும். கதவடியில் ரப்பர் பட்டை, அங்கணக்குழிக்கு ஓட்டை மூடி. விறகையும் தேங்காய் மட்டையையும் சுவரோடு அடுக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பினால் தார்சா விளக்கை அணைத்துவிடுங்கள். மரவட்டை கடிக்காது, துடைப்பத்தால் தள்ளினால் போதும். மூஞ்சூறை எலியென்று அடிக்காதீர்கள். அது கரப்பான் தின்கிற ஜீவன். விஷம் வைப்பதை மட்டும் பத்துமுறை யோசியுங்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் ரெண்டு பிள்ளைகள் போய்விட்டன.

அரிசி வண்டுக்குப் பொந்தடைத்துப் பயனில்லை. தானிய மணியைக் குடைந்து, உள்ளே முட்டையிட்டு, துளையையும் மூடிவிடும். நாம்தான் பை நிறைய வாங்கி வருகிறோம். பெரியம்மை வீட்டில் நெல் கொட்டிவைக்கும் மண் குலுக்கை ஒன்று நின்றது. நெல்லை நன்றாகக் காயவைத்துக் கொட்டி, நடுநடுவே நொச்சி இலை போட்டு, வாயைச் சாணிமண்ணால் மெழுகுவார்கள். வெள்ளத்தில் அது கரைந்துவிட்டது; அடித்தடம் மட்டும் பட்டாசலில் வட்டமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் குலுக்கை இன்னும் புழக்கத்தில் இருந்தால் எழுதுங்கள். பெரியம்மையையும் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்