ஆடிப்பட்டத்துக்குள் பூங்கா இடங்களை மீட்போம்!

விழுப்புரம், திண்டிவனம் தோழர்களே!

வைகாசி பிறந்துவிட்டது. ஆடிப்பட்டத்துக்கு இரண்டே மாதம். அதற்குள் நம் வார்டுகளில் முள்மண்டிக் கிடக்கும் பூங்கா இடங்களைக் கேட்டு வாங்கி, காய்கறி விதைத்தாக வேண்டும். தாமதித்தால் யாரோ வேலி போட்டுவிடுவார்கள்.

அவை எவர் கருணையும் அல்ல. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. நெடுஞ்சாலை ஓரமாக எத்தனை நகர்கள் முளைத்துவிட்டன! வரைபடத்தில் பூங்கா இருக்கிறது. நேரில் போனால் சீமைக் கருவேலமும் கட்டட இடிபாடும்.

ஏன் காய்கறி? 2024 டிசம்பர் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அரசூரில் வெள்ளம் ஏறி சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே துண்டானது. லாரி வராத ஊரில் அடுப்பு எப்படி எரியும்? வெள்ளத்தில் பாத்தியும் மூழ்கும்தான். ஆனால் தண்ணீர் வடிந்ததும் விதைத்த சிறுகீரையை 25 நாளில் பிடுங்கலாம்.

மாடித்தோட்டத் தளைகளை (தொகுப்புகளை) அரசு மானியத்தில் கொடுத்தது நல்ல காரியம். மாடி இருப்பவருக்கு அது உதவியது. லைன் வீட்டு ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர் அந்தத் தளையை எங்கே வைப்பார்? பொதுத் தோட்டத்தில் முதல் பாத்தி அவருக்குத்தான். இது புதிதும் அல்ல. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ திட்டம், நிலமில்லாப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் குத்தகை நிலத்தில் பயிர் செய்ய வைத்தது. சோவியத் உதவி நின்றபோது கியூபாவின் ஹவானா மக்கள் காலிமனைகளில் காய்கறி விளைவித்துப் பசியைச் சமாளித்தார்கள்.

நமக்குத் துணை உள்ளூரிலேயே இருக்கிறது. டி.எம்.வி. நிலக்கடலை ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேதான். போய்ப் பயிற்சி கேளுங்கள். மட்கும் குப்பையில் தயாராகும் உரத்தை நகராட்சியிடம் கேளுங்கள். பொறுப்பை மகளிர் குழுக்கள் ஏற்கட்டும். விளைச்சலில் ஒரு பங்கு பள்ளிச் சத்துணவுக்கு, மிச்சம் பாடுபட்டவர் வீட்டுக்கு.

ஒன்றில் மட்டும் கறாராக இருப்போம். நகர்மன்றத் தீர்மானம் இல்லாமல் மண்வெட்டியைத் தொட வேண்டாம். நாமே ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடக் கூடாது. நிலம் நகராட்சி பெயரிலேயே, பூங்காவாகவே இருக்கட்டும். ஒரு பக்கம் பிள்ளைகள் விளையாடட்டும், மறுபக்கம் கத்தரியும் வெண்டையும் அவரையும் வளரட்டும்.

இந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். எங்கள் வார்டில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடங்கள் எவை, தானப் பத்திர எண் என்ன, இப்போது யார் அனுபவத்தில் இருக்கின்றன? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பட்டியலோடு ஏரியா சபைக்குப் போங்கள், ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் போங்கள். தனியாகப் போகாதீர்கள். தெருவே திரண்டு போகட்டும். மனுவில் முதல் கையெழுத்தை வாடகை வீட்டுக்காரர்களிடம் வாங்குங்கள்.