வால் எங்கே போயிற்று?

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கண்ணாடி ஜாடியில் தலைப்பிரட்டைகளை வளர்த்தார்கள். நாளடைவில் அவற்றுக்குக் கால்கள் முளைத்தன, வால் குறுகிற்று, ஒரு நாள் வாலையே காணோம். "வால் அறுந்து ஜாடியில் விழவில்லையே, ஸார்! பின் எங்கேதான் போயிற்று?" என்று கேட்டான் ஒரு பையன்.

நல்ல கேள்வி. வால் அறுந்து விழவில்லை, கரைந்து போயிற்று. உடம்புக்குள்ளிருந்து உத்தரவு பிறந்ததும், வாலிலிருந்த ஜீவ அணுக்கள் தாமாகவே மாண்டன. அவற்றின் சத்து தவளைக்கே ஆகாரமாயிற்று. நம் கதையும் இதுதான். தாயின் கருவில் நமது கை முதலில் துடுப்புப் போல் இருக்கிறது. இடையிலுள்ள அணுக்கள் மடிவதனாலேயே விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன.

தீப்புண்ணில் அணு சாவதற்கும் இதற்கும் வெகு வித்தியாசம் உண்டு. அங்கே அணு வீங்கி வெடிக்கிறது. சுற்றுப்புறமெல்லாம் அழற்சி உண்டாகிறது. இங்கேயோ அணு சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. அண்டை அணுக்கள் அவற்றை ஓசையின்றி விழுங்கிவிடுகின்றன. 1972-ம் வருஷத்தில் கெர், வைலி, கரீ என்னும் மூவர் இதற்கு 'அபோப்டோஸிஸ்' என்று பெயர் சூட்டினார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

இந்தச் சாவுக்குக் கணக்குக்கூட உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு மண்புழுவினத்துச் சிறு புழுவில் அல்ல, உருண்டைப் புழுவில், ஸல்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் அணு அணுவாக எண்ணிப் பார்த்தார். வளர்ச்சியின்போது 1,090 சரீர அணுக்கள் தோன்றுகின்றன, 131 மாள்கின்றன, 959 எஞ்சுகின்றன. ஒவ்வொரு புழுவிலும் அதே அணுக்கள், அதே வேளையில் மாள்கின்றன! இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கும், பிரென்னர், ஹார்விட்ஸ் ஆகியோருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, சாக வேண்டிய அணு சாக மறுத்தால்? ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் 14-வது, 18-வது குரோமோஸோம்களின் துண்டுகள் இடம் மாறிவிடுகின்றன. அதனால் 'பிஸிஎல்-2' என்னும் புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. அந்தப் புரதம் அணுக்களை வேகமாகப் பெருகச் செய்வதில்லை. அவற்றைச் சாகவொட்டாமல் தடுக்கிறது. இதை 1988-ல் மெல்போர்ன் விஞ்ஞானிகள் கண்டார்கள். அந்தத் தடையை நீக்கும் 'வெனிடோகிளாக்ஸ்' என்ற மருந்து 2016-ல் அமெரிக்காவில் அநுமதி பெற்றது.

அந்தப் பையன் மறுநாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். அவன் தாத்தாவுக்கு நெடுநாளாகச் சோகை. முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்களாம், பலனில்லை. 'வயசானால் அப்படித்தான்' என்று வீட்டார் இருந்துவிட்டார்கள். கடைசியில் எலும்பு மஜ்ஜையைச் சோதித்த வைத்தியர், மூல அணுக்களில் கோளாறு என்றாராம். "தாத்தாவின் அணுக்களும் சாக மறுக்கின்றனவா, ஸார்?" என்றான்.

இல்லை, இது நேர்மாறு. ரத்தத்தை உண்டாக்கும் மூல அணு பழுதுபட்டால், அதன் சந்ததிகள் முதிர்ச்சியடையும் முன்பே மஜ்ஜைக்குள் மாண்டுவிடுகின்றன. களஞ்சியம் நிறைந்திருக்கிறது, அடுப்பங்கரையில் அரிசியில்லை! பெரும்பாலும் முதியவர்களையே பற்றும் இந்நோய், சிலருக்குப் பின்னால் ரத்தப் புற்றுநோயாக மாறுவதும் உண்டு. அணு சாகாவிட்டாலும் ஆபத்து. அகாலத்தில் செத்தாலும் ஆபத்து.

ஆகவே, வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தீராத அசதியோ, அடிக்கடி ஜுரமோ, காரணமில்லாமல் தோலில் ரத்தக் கன்றலோ கண்டால், வயசின்மேல் பழி போட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ரத்தத்தின் அணுக்களை எண்ணிப் பார்க்கும் சாதாரணச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். சோகை எல்லாம் இந்த நோயல்ல. பல எளிதில் குணமாகக் கூடியவையே. ஆனால் எது எதுவென்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

தாத்தாவுக்கு இப்போது சிகிச்சை நடந்து வருகிறது. பையன் ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறான், அடுத்த மழைக்காக.