நிலவறையில் வேகத்தை முடிவு செய்பவர் யார்?

பலர் ஒருங்கே ஆடும் இணைய விளையாட்டுகளில் ‘டஞ்சன்’ எனப்படும் நிலவறைப் பயணம் குறித்து ஓயாத வழக்கு ஒன்று உண்டு. எவ்வளவு விரைவாகச் செல்வது? அதை யார் முடிவு செய்வது? வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் ஐவர் கூடிச் செல்வர்; ஃபைனல் ஃபேன்டசி 14இல் நால்வர். எதிரிகளின் அடியைத் தம்மீது வாங்கிக்கொண்டு முன்னே செல்பவர் டேங்க். அவரை உயிரோடு வைத்திருப்பவர் ஹீலர். எஞ்சியோர் தாக்குநர். முன்னே செல்பவரே வேகத்தை வகுப்பார் என்பது பலர் ஏற்றுக்கொண்ட, எழுதப்படாத விதி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒரு கூட்டத்தோடு மோதி முடித்து அடுத்த கூட்டத்துக்குச் செல்லாமல், மூன்று கூட்டங்களை ஒருசேர இழுத்துவருகிறார் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். அம்முடிவின் விலையைச் செலுத்துபவர் ஹீலர். கரைவது அவருடைய மானா. டேங்க் வீழ்ந்தால் முதற்பழியும் பெரும்பாலும் அவருக்கே. முடிவெடுக்கும் உரிமை ஒருவரிடமும் அதன் சுமை வேறொருவரிடமும் இருக்கும் ஏற்பாட்டை, ஆய்வுலகில் இருக்கும் நாம் நன்கறிவோம்.

இவ்வழக்கம் தொடக்கத்திலேயே இப்படி இருந்ததன்று. 2004இல் வார்கிராஃப்ட் வெளிவந்தபோது, ஒரே சேவையகத்தைச் சேர்ந்தவர்கள் பேசிக் கூடிக் குழு அமைத்தனர். ஹீலர் அமர்ந்து நீர் அருந்தி மானாவை மீட்கும்வரை மற்றவர் காத்திருப்பர். காத்திராதவரின் பெயர் அச்சேவையகத்தில் கெடும். 2009 டிசம்பரில் ‘டஞ்சன் ஃபைண்டர்’ வந்தது. வெவ்வேறு சேவையகங்களின் அந்நியர்களை அது தானே கோத்து உள்ளே அனுப்பியது. அரைமணியில் பிரிந்து இனி ஒருபோதும் சந்திக்கப் போகாதவரிடம் யார் வேகம் குறித்துக் கலந்துபேசுவர்? பேச்சு மறைந்த இடத்தில் எதிர்பார்ப்பு வந்து அமர்ந்தது. 2011இல், ஆள் குறைவாக உள்ள பங்கை ஏற்று வரிசையில் நிற்போருக்குத் தனிப் பரிசுப்பை அறிவித்தார்கள். தட்டுப்பாடு வடிவமைப்பாளருக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கு விலை வைத்தார்கள்.

சாத்தத்தில் இருந்துகொண்டு இதை எண்ணும்போது இன்னொரு பக்கமும் தெரிகிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து வரும் கடலடிக் கம்பிவடம் தொடங்கிவைக்கப்படும்வரை, இத்தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. ஒளியின் வேகத்திலேயே சென்றாலும், கேள்வி போய் விடை வந்து சேர ஏறக்குறைய அரை நொடி ஆகும். (கம்பிவடத்தில் சென்னைவரை சென்று திரும்பச் சில பத்து மில்லிநொடிகள் போதும்.) அத்தகைய இணைப்பில் அமர்ந்த ஹீலர் திரையில் காண்பது டேங்க்கின் கால் நொடி பழைய உடல்நிலையை, அவர் இடும் மருந்து சேவையகத்தை எட்டுவது மேலும் கால் நொடி கழித்து. ஒரு கூட்டத்தோடு போரிடுகையில் இது பொருட்டன்று. மூன்று கூட்டங்கள் ஒருசேர அடிக்கையில் அந்த அரை நொடியில்தான் டேங்க் சாகிறார். உடனே ஹீலருக்குத் ‘திறமையற்றவர்’ என்ற பட்டம் கிடைக்கிறது. கடலடியில் கம்பி இல்லாமை கைத்திறன் இல்லாமையாகக் கணக்கெழுதப்படுகிறது. செயற்கைக்கோளைவிட்டால் வேறு வழியில்லாதோர் உலகெங்கும் இன்றும் உள்ளனர் என்பதால், இதைப் பழங்கதை என்று தள்ளவும் இயலாது.

மெதுவாகச் செல்வதே அறம் என்று நான் வாதிடவில்லை. கூட்டத்தைச் சேர்த்து இழுத்தால் தாக்குநரின் பரவல் தாக்குதல்கள் பயன்படும். வேலையின்றிச் சலித்து, ‘இன்னும் இழுங்கள்’ என்று கேட்கும் ஹீலர்களும் உண்டு. 2016இல் வந்த ‘மித்திக் பிளஸ்’ நிலவறைகளில் கடிகாரம் ஓடுவதை அறிந்தே அனைவரும் நுழைகின்றனர். அங்கே விரைவை எதிர்பார்ப்பது முறையே. என் மறுப்பு, கடிகாரமே இல்லாத நிலவறையில் கேளாமலே சுமத்தப்படும் விரைவைப் பற்றியது.

விளையாட்டாய்வில் ஈடுபடும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். தோழரின் உடல்நிலையும் மானாவும் டேங்க்கின் திரையில் எப்போதும் தெரிகின்றன. தோழரின் இணைப்புச் சுணக்கம் வார்கிராஃப்ட்டின் இயல்புத் திரையில் தெரிவதில்லை. அவரவர் சுணக்கம் அவரவருக்கு மட்டுமே. ஹீலரின் பெயருக்கு அருகே அந்த ஓர் எண்ணைக் காட்டுவது கடினமான வேலையன்று. அது தெரிந்தால் எத்தனை டேங்க்குகள் இரண்டாம் கூட்டத்துக்கு முன் சற்று நிற்பார்கள் என்பது ஆராயத்தக்க கேள்வி.