டாஸ் ஜெயிச்சா யாருக்கு லாபம்? டேட்டாவைக் கேளுங்க!

டேட்டா அனலிசிஸ் கற்க சான்றிதழ்களை அடுக்கினால் மட்டும் போதாது. விடை தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றும் ஒரு கேள்வி வேண்டும். ‘ஐபிஎல்லில் டாஸ் ஜெயிச்சா எந்த டீமுக்கு அதிக லாபம்?’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 முதலான பந்துக்குப் பந்து விவரங்களை கிரிக்‌ஷீட் தளம் இலவசமாகவே தருகிறது.

எண்ணத் தொடங்கியதும் சிக்கல் வரும். டெல்லி டேர்டெவில்ஸ், டெல்லி கேபிடல்ஸ் இரண்டும் ஒரே அணி. பஞ்சாபுக்கும் இரண்டு பெயர்கள். கவனிக்காவிட்டால் ஓர் அணியின் கணக்கு இரண்டாக உடையும். மழையால் கைவிடப்பட்ட ஆட்டங்களை எதில் சேர்ப்பது?

ஆபீஸ் டேட்டாவும் இப்படித்தான்: ஒரே வாடிக்கையாளர், மூன்று விதமான ஸ்பெல்லிங். இதைச் சீராக்கப் பழகியவரைத்தான் வேலைக்குத் தேடுகிறார்கள். கிரிக்கெட் பிடிக்காதா? சென்னைக் குடிநீர் வாரியம் வெளியிடும் ஏரி நீர்மட்டக் கணக்கு இருக்கிறது. இந்த வாரமே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்.