குட்டி யானைக்கு மூக்கு நசுங்கிடுச்சா? பட்டறைக்குப் போகும் முன் பாலிசியைப் பாருங்க!

காசிமேட்டில் மீன் பெட்டி, ராயபுரத்தில் அரிசி மூட்டை, திருவொற்றியூரில் இரும்புச் சாமான், எண்ணூரில் தண்ணீர் கேன்... வடசென்னையில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு குட்டி யானை உங்களைக் கடந்து போகும். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. அப்போது கடன் போட்டு வாங்கிய வண்டிகளில் பல இன்னமும் அதே குடும்பங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன.

அதே ரோட்டில்தான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களும் வரிசைகட்டி நிற்கின்றன. இரவில் பின் விளக்கு எரியாமல் ஒரு டிரெய்லர் நின்றால் போதும். பின்னால் வரும் சின்ன வண்டிக்கு முதல் அடி மூக்கில்தான். பம்பர், கிரில், ஹெட்லைட், முன் தகரம் எல்லாம் ஒரே நொடியில் உள்ளே போய்விடும். "ரெண்டு நாள்ல டிங்கர் பார்த்து, பெயின்ட் அடிச்சு எடுத்துடலாம்" என்று நினைப்போம். அவசரப்படாதீங்க. இந்த வார 'வண்டி வாகனம்' பகுதியில் பார்க்கப்போவது இதைத்தான்.

தகரம் மட்டும்தானா?

கார் என்றால் டிரைவருக்கு முன்னால் இன்ஜினும் பானெட்டும் இருக்கும். ஏஸ் மாதிரி வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்கு அடியில். டிரைவரின் முழங்காலுக்கும் எதிரே நிற்கும் லாரிக்கும் நடுவில் ஓர் அடி தகரமும் சில இரும்புச் சட்டங்களும்தான். அதனால் முன்பக்கம் சரியாக நிமிர்ந்ததா என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உங்க கால் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒடுக்கு எடுக்க ஆரம்பிக்கும் முன் நாலு விஷயம் பாருங்க. கதவு முன்போல 'டக்'கென்று மூடுகிறதா, இல்லை தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறதா? முன் கண்ணாடி ரப்பரில் ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிகிறதா? ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? அடியில் தண்ணீரோ ஆயிலோ சொட்டுகிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் சேஸிஸ் வரை அடி போயிருக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். சேஸிஸின் இடது முன் மூலையிலிருந்து வலது பின் புள்ளி வரை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்க. பிறகு வலது முன் மூலையிலிருந்து இடது பின் புள்ளி வரை. இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் முதலில் சேஸிஸை இழுத்து நேராக்க வேண்டும், தகர வேலை அதற்குப் பிறகுதான். இல்லாவிட்டால் எத்தனை முறை வீல் அலைன்மென்ட் பார்த்தாலும் முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

உப்புக் காற்றும் பட்டியும்

வடசென்னை வண்டிகளுக்கு இன்னொரு எதிரி உப்பு. மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் கரைந்து வழியும் உப்புத் தண்ணீர் தகரம் மடிந்த இடுக்குகளில் தேங்கிவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். அடிபட்ட இடத்தைப் பிரித்தால்தான் அது தெரியும். துருப்பிடித்த தகரத்தை நிமிர்த்தி, மேலே பட்டி தடவி மூடினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடிப்பதுதான் சரி. கேஸ் வெல்டிங் சூட்டில் மெல்லிய தகரம் நெளியும். கோ2 வெல்டிங் இருக்கும் பட்டறையாகப் பாருங்க. வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடச் சொல்லுங்க. வெல்டிங் முடிந்ததும் வெளியே மட்டுமல்ல, உள்பக்கமும் ப்ரைமர் அடிக்க வேண்டும். வெளியே தெரியாத அந்த இடத்திலிருந்துதான் துரு மறுபடி கிளம்பும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்க. பெயின்ட் அடித்த இடத்தில் வையுங்க. ஒட்டாமல் நழுவினால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பாகங்களில் இந்தச் சோதனை செல்லாது.

பாலிசியில் ஒளிந்திருக்கும் வரி

பலர் ஏமாந்துபோவது இங்கேதான். "ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கே" என்ற தைரியத்தில் போனால், பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, பானெட், பெயின்ட் எதற்கும் பணம் வராது என்பார்கள். சரக்கு வண்டிப் பாலிசிகளில் இந்தப் பாகங்களுக்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது. 'ஐ.எம்.டி 23' என்ற கூடுதல் கவரைத் தனி பிரீமியம் கட்டி எடுத்திருந்தால்தான் உண்டு. அதிலும் பாதிதான் கிடைக்கும்.

பழைய வண்டிக்குத் தேய்மானக் கழிவும் சேரும். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயது 5-லிருந்து 10 வருஷத்துக்குள் என்றால் 40 சதவிகிதம், 10 வருஷம் தாண்டினால் 50 சதவிகிதம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு எந்த வயதிலும் 50 சதவிகிதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை.

அதனால் கணக்குப் போட்டுப் பாருங்க. பம்பர், ஒரு ஹெட்லைட், கொஞ்சம் பெயின்ட் என்ற அளவு சேதத்துக்கு க்ளெய்ம் போட்டால் கைக்கு வருவது கொஞ்சம்தான், நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். சேஸிஸ், கேபின் வரை அடி என்றால் க்ளெய்ம்தான் வழி. அப்போது வண்டியைப் பிரிக்கும் முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்க. நாலு பக்கமும் போட்டோ எடுங்க. சர்வேயர் பார்க்காமல் ஒரு போல்ட்கூடக் கழற்ற விடாதீங்க. எஃப்.சி நடப்பில் இருக்க வேண்டும். 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி உண்டு.

"என்னிடம் கார் லைசென்ஸ்தானே இருக்கு" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்பளித்துவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் க்ளெய்மை மறுத்தால் இதை எடுத்துக் காட்டுங்க.

கம்பி பம்பர் வேண்டாமே

ஒருமுறை அடிபட்டதும் பலருக்கு முன்னால் கனமான இரும்புக் கம்பி மாட்டத் தோன்றும். அது வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காரணமும் இருக்கிறது. பம்பர் நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டிய அடியை அந்தக் கம்பி நேராக சேஸிஸுக்கு அனுப்பிவிடும். குறுக்கே வரும் ஆளுக்கும் அடி பலமாக விழும்.

வேலை முடிந்த அன்று இரவு வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்க. இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழ வேண்டும். மீன் வண்டி என்றால் தினமும் கடைசி நடை முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்க. செலவு ஒரு குடம் தண்ணீர், லாபம் ஒரு தகரம்.

பாலிசி புதுப்பிக்கும் தேதி எப்போது? இன்றைக்கே எடுத்துப் பாருங்க. 'ஐ.எம்.டி 23' என்ற வரி அதில் இருக்கிறதா?